சத்தத்தைக் கூட்டி வைத்த வீடு

எங்கள் வீட்டில் டிவி சத்தம் கூடினால் எனக்கு அடி விழப்போகிறது என்று அர்த்தம். என் புருஷன் முதலில் ரிமோட்டை எடுப்பான். பாட்டோ செய்தியோ, எது ஓடினாலும் சத்தத்தைக் கூட்டுவான். ஜன்னலைச் சாத்துவான். அப்புறம்தான் கை நீளும். புருஷனை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். எனக்கு வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன்.

தெருவில் அவனுக்கு நல்ல பேர். பெரிய கோயிலின் பே கோபுரத்துப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர். பௌர்ணமிக்கு வருகிற வெளியூர்க்காரர்களிடம் தேன் ஒழுகப் பேசுவான். அந்தப் பேர் கெட்டுவிடக் கூடாது, அதற்குத்தான் டிவி. ஒருமுறை ரிமோட்டாலேயே மண்டையில் அடித்தான். பேட்டரி இரண்டும் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடின. நெற்றியில் ரத்தம் வழிய நானே குனிந்து தேடி எடுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் அடித்தான்.

அம்மா வீடு கீழ்பென்னாத்தூர். போய் முதுகைக் காட்டினேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்றாள் அம்மா. அணைத்ததை நான் கண்டதில்லை. அடுத்த பஸ்ஸில் அப்பாவே கூட்டி வந்து விட்டுவிட்டு, மாப்பிள்ளை கையில் பழப் பையையும் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் டிஷ் மொட்டை மாடியில் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்கிழக்கே பார்த்து நின்றது. மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகளுக்கு அதுதான் ஊஞ்சல். ஒரு குரங்கு தொங்கிவிட்டுப் போனால் போதும், படம் கட்டம் கட்டமாக உடையும். அப்புறம் 'சிக்னல் இல்லை' என்று வரும். உடனே என்னை மேலே ஏற்றிவிடுவான். கீழே டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு போனில் லெஃப்ட், ரைட் என்று கத்துவான். ஒருநாள் ராத்திரி படம் வர லேட்டானது என்று மேலே வந்து, இருட்டில் என் தலையைத் தண்ணீர் டேங்க்கில் மோதினான்.

பயத்தில் தொழில் கற்றுக்கொண்டேன். மெக்கானிக் வந்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நட்டைத் தளர்த்தி, டிஷ்ஷை நூலளவு திருப்பிவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். டிவியோடு இருக்கிற செட்டாப் பாக்ஸ் கொஞ்சம் யோசித்துத்தான் படத்தைக் காட்டும். அவசரப்பட்டுத் திருப்பிக்கொண்டே இருந்தால் சரியான இடத்தைத் தாண்டிவிடுவோம். பாக்ஸ் மெனுவில் இரண்டு கோடுகள் உண்டு, ஒன்று சிக்னலின் பலம், இன்னொன்று தரம். பலம் இருந்து தரம் மட்டும் இல்லையென்றால் டிஷ் திரும்பியிருக்கிறது. இரண்டுமே காலியென்றால் வயரில் கோளாறு.

ஒருநாள் வானம் கறுத்திருந்தது. சத்தத்தைக் கூட்டிவிட்டு என் முடியைக் கையில் சுற்றியிருந்தான். மழை விழுவதற்கு முன்னாலேயே மேகத்தால் சிக்னல் போய்விட்டது. வீடு சட்டென்று அமைதியானது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் தெளிவாகக் கேட்டது. அவன் ஓங்கிய கை அப்படியே நின்றது, முடியையும் விட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இவ்வளவுதானா இவன் வீரம் என்று நினைத்தேன்.

டிஷ் வயர் சமையலறை ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில், திருகி மாட்டுகிற ஒரு ஜாயின்ட். அதன் திருகைக் கழற்றிவிட்டு வயரைச் சும்மா செருகி வைத்தேன். அவன் ரிமோட்டை எடுத்தால் ஓடிப்போய் இழுத்துவிடுவேன். டிவி ஊமையாகும். குரங்குகளைத் திட்டிக்கொண்டே என்னை மேலே அனுப்புவான். நான் டிஷ்ஷைத் தொடவே மாட்டேன், டேங்க் நிழலில் உட்கார்ந்திருப்பேன். பகலில் தெரு பார்க்கும், மேலே வந்து கை வைக்க மாட்டான். அவன் கோபம் ஆறியதும் இறங்கி வந்து வயரைச் செருகுவேன். அந்த மாதங்களில் பழி சுமந்த குரங்குகளுக்கு வாழைப்பழம் வாங்கிப் போட்டேன், பாவம்.

கார்த்திகை தீபத்தன்று மாட்டிக்கொண்டேன். சாயங்காலம், மலையில் தீபம் ஏற்றுவதைப் பார்க்க ஊரே மொட்டை மாடியில் நின்றது. அவன் மட்டும் கோயிலுக்குள் நடப்பதை நேரலையில் பார்க்க உட்கார்ந்திருந்தான். நான் கொண்டுபோன காபியில் சர்க்கரை கம்மி. ரிமோட்டை எடுத்தான். நான் வயரை இழுத்தேன். அன்றைக்கு என்னை மேலே அனுப்பாமல் மெனுவைப் போட்டுப் பார்த்தான். இரண்டு கோடும் காலி. மெக்கானிக்குக்குப் போன் போட்டான். அவர் வயரைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும், வயரைத் தடவிக்கொண்டே சமையலறைக்குள் வந்தான்.

ஜாயின்ட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கட்டிங் பிளேயரால் அதை இறுக்கித் திருகினான். கூடத்தில் நாதஸ்வரம் முழங்கியது. திரும்பிப் போய்ச் சத்தத்தை முழுசாகக் கூட்டினான். அலமாரி மேல் கிடந்த மிச்ச டிஷ் வயரை எடுத்து இரண்டாக மடித்துக்கொண்டு வந்தான்.

அந்த வயருக்குள் செம்புக் கம்பி உண்டு. முதல் அடியிலேயே ரவிக்கை கிழிந்தது. முதுகிலும் தோளிலும், முகத்தை மறைத்த கையிலும் மாறி மாறி விழுந்தது. நான் அலறினேன், நாதஸ்வரம் அதை விழுங்கிவிட்டது. தரையில் விழுந்த என் கழுத்தில் காலை வைத்து அழுத்தினான். இன்றைக்குச் செத்தேன் என்று தெரிந்தது. தரையில் இறக்கி வைத்திருந்த சூடு ஆறாத காபிப் பாத்திரம் கைக்குக் கிடைத்தது, அதை அவன் காலில் கவிழ்த்துவிட்டு மாடிப்படியில் ஓடினேன்.

பின்னாலேயே ஏறி வந்தான். மேலே வந்ததைக் கூட அவன் உணரவில்லை. தெருவே பார்க்க இன்னொரு அடி அடித்தான். எல்லா மாடியிலும் ஆட்கள். எல்லா முகமும் எங்கள் பக்கம் திரும்பியது. "பாருங்க, நல்லா பாருங்க," என்று கத்தினேன். அவன் வயரைக் கீழே போட்டான். அந்த நேரம் பார்த்து மலைமேல் தீபம் எரிந்தது. அரோகரா என்று ஊரே எழுப்பிய சத்தத்தில் திரும்பியிருந்த முகங்களெல்லாம் மலைப் பக்கம் போய்விட்டன. அவர்களை நான் குறை சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மலையைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என் கையைப் பிடித்து இழுத்துத் தன் மாடிக்கு ஏற்றிக்கொண்டாள். கீழே கூட்டிப்போய் முதுகில் தேங்காய் எண்ணெய் தடவினாள். தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"உங்க வீட்ல டிவி சத்தம் ஜாஸ்தியாச்சுன்னாலே எங்களுக்குத் தெரிஞ்சிடும்மா. பசங்க காதுல விழக் கூடாதுன்னு நாங்களும் எங்க டிவிய கூட்டி வெச்சுக்குவோம்."

திரும்பி அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். என் வாழ்க்கையில் நான் ஒருவரை அடித்தது அந்த ஒருமுறைதான். காப்பாற்றினவளை அடித்தேன், அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை. அவள் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பீரோவிலிருந்து ஒரு சால்வையை எடுத்து என் முதுகை மூடி, வா என்றாள்.

கிரிவலக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. ஆட்டோ எதுவும் ஓடவில்லை. கூட்டத்துக்கு எதிரே, அவள் முன்னால் வழி விலக்கிக்கொண்டு போக, நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். பந்தோபஸ்துக்குப் போனவர்கள் போக, மேஜையில் ஒரு பெண் போலீஸ் இருந்தார். சால்வையை விலக்கி என் முதுகைப் பார்த்துவிட்டுக் காகிதத்தை எடுத்தார். பிறகு அக்காவிடம், அடித்ததை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"பாத்தது இன்னிக்குத்தாங்க," என்றாள் அக்கா. "இவ கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து கேட்டுட்டு இருக்கேன். எழுதிக்குங்க."