எட்டு பாயிண்டில் என் பெயர்

பக்கம் நன்றாக இருந்தால் எழுதியவருக்குப் பாராட்டு, கோணலாக இருந்தால் டிசைனருக்கு போன். இதுதான் எங்கள் தொழில்.

தூத்துக்குடியில் இருபது வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். அழைப்பிதழ், சர்ச் மலர், புத்தகம், இப்போது வாட்ஸ்அப் படம், மின்நூல் என்று இந்த ஊர்க்காரர்கள் படித்ததில் பாதி என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போயிருக்கும். எனக்கு ஆசை ஒன்றே ஒன்று. ஏதாவது ஒரு புத்தகத்தில் ‘வடிவமைப்பு: ஜெபா’ என்று ஒரு வரி வர வேண்டும். சிரிக்காதீர்கள். நீங்களும் இந்த வேலையில் இருந்தால் உங்களுக்கும் இந்த ஆசை இருக்கும், வெளியே சொல்லமாட்டீர்கள், அவ்வளவுதான்.

முதல் மலர்

என் முதல் பெரிய வேலை ஒரு சர்ச்சின் நூற்றாண்டு மலர். அப்போதெல்லாம் மானிட்டர் ஒரு ஆட்டுக்குட்டி கனம் இருக்கும். ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பக்கங்களை டிரேஸிங் தாளில் பிரின்ட் எடுத்துச் சுருட்டி, நசுங்கிவிடக் கூடாதே என்று மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் அச்சகத்துக்குப் போவேன். அந்தத் தாளின் சூட்டையும் வாசனையையும் நினைத்தால் இப்போதும் சுகமாக இருக்கிறது.

மலரில் மைக் செட்காரர் வரை எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், இருப்பதிலேயே சிறியதாக, எட்டு பாயிண்ட் எழுத்தில் என் பெயரையும் வைத்தேன். புரூஃப் பார்த்த சர்ச் செயலாளர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுச் சொன்னார்: “ஏளா, கோயிலுக்கு வெள்ளையடிச்சவன் செவத்துல பேரு எழுதிட்டா போறான்?”

துபாய் மாப்பிள்ளை

காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் துபாயில் இருந்துகொண்டே தன் கல்யாண அழைப்பை என்னிடம் செய்து வாங்கினார். அச்சே கிடையாது, போனில் அனுப்பும் படம்தான். அவருக்கு மாமாக்கள் பதினொரு பேர். யார் பெயரும் இரண்டாம் வரிக்கு மடங்கக் கூடாது, அடுத்தவர் பெயரைவிடச் சிறியதாகத் தெரியவும் கூடாது. மீறினால் அந்த மாமா கல்யாணத்துக்கு வரமாட்டார். எழுத்துகளின் இடைவெளியை இழுத்தும் இறுக்கியும் பதினொரு பெயரையும் ஒரே அகலத்தில் நிற்க வைத்தேன்.

கல்யாணம் முடிந்து, வேறொரு வேலையாக மாப்பிள்ளையின் வாப்பா என் டிசைன் கடைக்கு வந்தார். பதினொரு மாமாக்களும் வந்திருந்தார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் தன் போனை எடுத்து, நான் செய்த அழைப்பையே எனக்குக் காட்டினார்: “எம் மவன் துபாயில இருந்துக்கிட்டே எம்புட்டு அழகாச் செஞ்சிருக்கான் பாத்தியளா? இது மாதிரி ஒங்களுக்குச் செய்ய வருமா?”

ஊருப் படம்

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு ஒரு பொங்கல் வாழ்த்துப் படம் செய்தேன். உப்பளத்தில் விடியல், நடுவில் பானை. மூலையில் அவர் கடைப் பெயர், அதற்கடியில் எறும்பு சைஸில் என் பெயர். பொங்கலன்று காலையில் அந்தப் படம் நான்கு குரூப்களிலிருந்து எனக்கே வந்தது. ஒன்றில் யாரோ ஒரு நகைக்கடையின் பெயர், இன்னொன்றில் கும்பிடும் கையோடு ஓர் அரசியல்வாதி. எங்கள் பெயர்கள் இருந்த மூலையை எல்லோரும் கவனமாக வெட்டியிருந்தார்கள்.

ஆத்திரத்தோடு அண்ணாச்சியிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவர் கடைப் பெயரும்தானே போயிருக்கிறது, சேர்ந்து கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மல்லி நிறுத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: “ஊரே அனுப்புதுன்னா அது ஊருப் படம்லா. இதுல ஒனக்கும் எனக்கும் என்னம்மா இருக்கு?”

சூசை அண்ணன்

வேம்பார் சூசை அண்ணன் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோனவர். கரையோடு இருந்துவிட்ட பிறகு, அந்த நாட்களை எழுதிக்கொண்டு வந்தார். நான்கு மாதம் அந்தப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தினேன் என்றே சொல்லலாம். ஒவ்வொரு அத்தியாயமும் வலது பக்கத்தில்தான் தொடங்கும், தலைப்புக்கு மேல் ஒரு பாய்மரம் வரும். என் பெயரை மட்டும் வைக்கவில்லை. அடிபட்டு அடிபட்டு ரோஷம் வந்திருந்தது.

புரூஃப் திரும்பி வந்தபோது இரண்டாம் பக்கத்தில் அவரே பேனாவால் எழுதியிருந்தார், ‘வடிவமைப்பு: ஜெபா’ என்று. எதுக்குண்ணே இதெல்லாம் என்று ஒப்புக்குக் கேட்டேன். “தோணி பொறப்படும்போது சமையக்காரன் பேரு வரைக்கும் லிஸ்டு எழுதிக் குடுத்துட்டுத்தாம்மா போவோம். பேரில்லாத ஆளக் கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போவ முடியாதுல்லா.”

தண்டலின் போன்

மறு வருடம், கப்பல் வேலைக்குப் போயிருக்கும் பையன்களும் படிக்கட்டும் என்று, அதையே மின்நூலாக்கச் சொன்னார் சூசை அண்ணன். செய்து முடித்து போனில் திறந்து பார்த்தேன். வலது பக்கமும் இல்லை, இடது பக்கமும் இல்லை. படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் எல்லாம் இஷ்டத்துக்கு ஓடின. அதைவிடக் கொடுமை, புத்தகம் நேராக முதல் அத்தியாயத்தில்தான் திறந்தது. என் பெயர் இருந்த பக்கத்தை அதுவே தாண்டிக் குதித்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

ஒரு வாரம் கழித்து, புத்தகத்தின் கடைசியில் கொடுத்திருந்த கடை நம்பருக்கு ஒரு பெரியவர் அழைத்தார். சூசை அண்ணன் போன தோணிக்குத் தண்டலாக இருந்தவர், அதாவது அதை ஓட்டிப்போன தலைவர். கண் மங்கிவிட்டதால் அச்சுப் புத்தகத்தை வாங்கியும் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லையாம். என்னைக் கடையில் போன் எடுக்கும் பெண் என்று நினைத்துப் பேசினார். நானும் திருத்தவில்லை.

“போன்ல எழுத்தப் பெருசாக்கி, வரிக்கு மூணு சொல்லா வச்சி, முழுசும் படிச்சிட்டேம்மா. எங்கூட வந்து செத்துப்போனவனுவ பேரெல்லாம் அதுல இருக்கு. இதச் செஞ்சது யாருன்னு தெரியல, அவுக நல்லா இருக்கணும்னு நாஞ் சொன்னேன்னு சொல்லிரு.”

சொல்ல வேண்டியவரிடம் அன்றே சொல்லிவிட்டேன், அவருக்குத்தான் இன்னும் கால் தரையில் பாவவில்லை.