முருகனுக்குக் கொடுத்த மீசை

குன்றக்குடி முருகனை நம்பி மலையேறும் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், காரைக்குடியில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் முகத்தில் மேக்கப்போடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே என் ஒரே மகள் மீனாவுக்குப் பிரசவ வலி. மாப்பிள்ளை சிங்கப்பூரில். ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, குழந்தையின் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

மேக்கப் எதற்கு என்று கேட்பீர்கள். நான் பள்ளத்தூரில் தச்சு வேலை செய்பவன், பெயர் சண்முகம். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் சினிமாவோ சீரியலோ எடுக்க வந்தால், கூட்டத்தில் நிற்க உள்ளூர் ஆட்களைக் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடமாகப் போய்வருகிறேன். எத்தனையோ கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனையோ பஞ்சாயத்தில் தலையாட்டியிருக்கிறேன். படம் டிவியில் வந்தால் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, அந்தா தூணுக்குப் பின்னால் தெரிகிற தோள் என்னுடையது என்று விரல் வைத்துக் காட்டுவேன். காட்டி முடிப்பதற்குள் தோள் போய்விடும். அதனால் முருகனிடம் நான் எனக்கென்று கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஒரே ஒரு தடவை என் முகம் தெரிய வேண்டும்.

அது இந்த முறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நேமத்தான்பட்டியில் ஒரு பழைய பெரிய வீட்டில் படப்பிடிப்பு. கதையில் வீட்டு முதலாளி இறந்துபோகிறார், வெளிநாட்டிலிருந்து மகன்கள் வருகிறார்கள். அந்த வீட்டைக் காலமெல்லாம் பார்த்துக்கொண்ட வேலைக்காரன் வேடம் எனக்கு. என் சுருட்டை முடியையும் முறுக்கிய மீசையையும் பார்த்துத்தான் டைரக்டர் என்னைப் பொறுக்கி எடுத்தார். திங்களும் செவ்வாயும் வசனம் இல்லை. புதன்கிழமை விடுமுறை. வியாழக்கிழமை பதினாறாம் நாள் காரியக் காட்சி. அதில் மூத்த மகன் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து நான் பேச வேண்டும். என் வாழ்நாளின் முதல் வசனம். அதுவரை யாரும் தலையில் கத்தி வைக்கக் கூடாது, முந்தி எடுத்த காட்சியோடு ஒட்டாமல் போய்விடும் என்று எங்களைக் கூட்டிப்போகும் ஏஜென்ட் கருப்பையா நூறு தடவை சொல்லியிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சாவுக் காட்சி. நம்மூர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? தகப்பன் செத்திருக்கிறான், மகன் தலையில் முடி அப்படியே இருக்கிறதே என்று கூட்டத்தில் முணுமுணுத்தார்கள். மகனாக நடித்தவருக்கு வேறு படம் இருந்ததாம், மொட்டை போட முடியாதாம். என் பங்கு முடிந்த நேரத்தில் என் மனைவி சரசு போன் செய்தாள். முகத்தைக் கழுவக்கூட நிற்காமல் ஓடி வந்தேன்.

ஆபரேஷன் அறைக் கதவைச் சாத்தினார்கள். காலையில் கிளிசரின் போட்டு அழுத கண் இப்போது காய்ந்து கிடந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, முருகா, தாயையும் பிள்ளையையும் கொடுத்துவிடு, நாளைக்கே வந்து முடியையும் மீசையையும் உனக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று வேண்டினேன். வியாழக்கிழமை என்று ஒரு கிழமை இருப்பதே எனக்கு நினைவில் இல்லை.

முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வெளியே வந்தார்.

"பேரன் பிறந்திருக்கான். ஒங்க மகளும் நல்லாருக்காக. அழுகாதீக, மேக்கப்பு கரையுது."

அப்போதுதான் நான் அழுவதே எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் பேரன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேண்டுதலைச் சரசுவிடம் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏங்க, நாளைக்கேன்னா வேண்டுனீக? சூட்டிங் முடிச்சுட்டுப் போடுவோம். பன்னெண்டு வருசமா இதுக்குத்தானே அலைஞ்சீக. முருகன் ஒண்ணும் கோவிச்சுக்கிற மாட்டாரு."

"பிள்ளைக்குத் துடிப்புக் கொறையுறப்ப, வியாழக்கிழமை வரைக்கும் பொறுன்னு அவரு சொல்லலையே சரசு."

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, மனசு விடிய விடிய அடித்துக்கொண்டது. ஒளிக்காமல் சொல்கிறேன், கையால் மீசையைத் தடவிக்கொண்டே படுத்திருந்தேன்.

புதன்கிழமை குன்றக்குடி போனேன். மீசையுமா என்று நாவிதர் இரண்டு முறை கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றேன். தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு படியேறினேன். இறங்கும்போது மனசு லேசாகிவிட்டது. வேடம் போனால் போகட்டும், பேரன் இருக்கிறான் என்று தோன்றியது.

வியாழக்கிழமை, வேடத்துக்காக என்னிடம் கொடுத்திருந்த சாவிக்கொத்தை வேறு ஆளிடம் ஒப்படைக்கத்தான் நேமத்தான்பட்டிக்குப் போனேன். கருப்பையா என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆசாரி, என் பொழப்புல மண்ணைப் போட்டீகளே."

அவரே டைரக்டரிடம் என்னை இழுத்துப் போனார். நான் நடந்ததைச் சொன்னேன். டைரக்டர் திட்டவில்லை. என்னை இப்படியும் அப்படியும் திரும்பச் சொன்னார். எதிரில் நின்ற மூத்த மகனின் சீவிய தலையைப் பார்த்தார். திரும்ப என் தலையைப் பார்த்தார்.

"பெத்த மகன் மொட்டை போடல. வேலைக்காரர் போட்டிருக்கார்," என்றார் மெதுவாக. "இது எனக்குத் தோணாமப் போச்சே."

அரை மணியில் காட்சி மாறியது. எங்கோ தூரத்தில் வைத்திருந்த கேமராவை என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிக் கொண்டுவந்து வைத்தார்கள். நான் சாவியை நீட்டினேன். மகன் என் தலையைப் பார்த்தார், பிறகு தன் முடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தார். நான் என் வசனத்தைச் சொன்னேன்.

"ஐயா வீட்டைப் பூட்டி வச்சுறாதீக தம்பி."

ஒரே டேக். முணுமுணுத்த நம்மூர்க் கூட்டத்தில் கிளிசரின் இல்லாமல் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. டைரக்டர் என்னைக் கூப்பிட்டு மானிட்டரில் காட்டினார். திரை முழுவதும் ஒரே முகம். முடி இல்லை, மீசை இல்லை, முன்னால் தூணும் இல்லை. பன்னிரண்டு வருடமாக நான் கேட்ட முகம். முடியும் மீசையும்தான் எனக்கு வாய்ப்பு வாங்கித் தந்தவை என்று நினைத்திருந்தேன். அவற்றை வாங்கிக்கொண்டு என் முகத்தைத் திருப்பிக் கொடுத்தான் முருகன்.

இப்போது முடி வளர்ந்துவிட்டது. கருப்பையா ஒவ்வொரு முறையும், கோயிலுக்குப் போவதாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று கேலி செய்கிறார். முன்பு ஏதாவது கேட்கத்தான் மலையேறுவேன். இப்போது செவ்வாய்தோறும் சும்மா பார்த்துவிட்டு வருகிறேன். உங்களுக்கும் கதவு சாத்திய வராந்தாவில் நிற்கும் நாள் வந்தால் பயப்படாமல் அவனிடம் கேளுங்கள். கொடுத்துவிட்டான் என்றால், சொன்ன சொல்லைத் தள்ளிப் போடாதீர்கள். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

படம் இன்னும் வரவில்லை. வந்ததும் பேரனை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இந்த முறை விரல் வைத்துக் காட்ட வேண்டியதில்லை.