நடுக்கடலிலிருந்து வந்த பெயர்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினோம். ஸ்ரீரங்கத்துக்கு முந்நூறு ரூபாய் என்றார் ஆட்டோக்காரர்.

"கோயிலுக்குங்களா?"

"இல்லைங்க, தம்பி குழந்தைக்குப் பேர் வைக்கிறோம்" என்றாள் மலர்விழி.

"அப்ப இருநூத்தம்பது குடுங்க, போதும்."

எனக்கு அங்கேயே இந்த ஊரைப் பிடித்துவிட்டது.

மலர் என் தோழி. கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக இணைப்புக் கொடுப்பது அவள் வேலை. அவள் தம்பி செந்தில் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவன் கடலில் இருக்கும்போதுதான் மகள் பிறந்தாள். அவர்கள் வழக்கப்படி, பெயரை முதலில் அப்பாதான் குழந்தையின் காதில் மூன்று முறை மெல்லச் சொல்ல வேண்டும். அதுவரை பெண்டாட்டிக்குக்கூடத் தெரியக்கூடாது. பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும்.

செந்திலின் மாமனார் வீட்டுக் கூடத்தைப் பார்த்து அசந்துபோனேன். சுவர் முழுக்கப் பலூன், மின்னி மின்னி அணையும் சீரியல் பல்பு. ஒன்பதே முக்காலுக்கு வீடியோ கால் போட்டால், செந்தில் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரிந்தான். அவனுக்கும் இங்கே எதுவும் தெரியவில்லை.

மலர் படத்தின் தரத்தைக் குறைத்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள்.

"மாமா, பல்பை அணைச்சுடுங்க. பலூன் எல்லாத்தையும் கழட்டுங்க. ஃபேனையும் நிறுத்துங்க."

"மாப்பிள்ளைக்குக் காட்டத்தானேம்மா கட்டுனேன்!"

"அசையுறது, மின்னுறது எல்லாத்தையும் படமா அனுப்பணும் மாமா. கப்பலுக்குப் போற லைன்ல அவ்வளவுக்கு இடமில்லை."

மாமனாருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் அவரே நாற்காலியில் ஏறிப் பலூன்களைக் கழற்றினார். திருச்சி வெயிலில் ஃபேன் இல்லாமல் முப்பது பேர், விசிறியைக்கூட அசைக்காமல் வேர்த்துக் கொட்ட உட்கார்ந்திருந்தார்கள். இப்படிப்பட்ட உறவுக்காரர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. படம் தெளிந்தது.

செந்திலின் மனைவி சுகன்யா குழந்தையை மடியில் வைத்து, அதன் காதருகே போனைப் பிடித்தாள். செந்தில் உதட்டை அசைத்தான். சத்தமே வரவில்லை.

"சத்தமா சொல்லுங்க மாப்பிள்ளை!" என்றார் மாமனார்.

"வேணாம்ப்பா" என்றாள் சுகன்யா. "காதுல சொல்ற பேரை ஊருக்கே கத்துவாங்களா?"

மலர் நகத்தைக் கடித்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். "டேய், இரைச்சலை வடிகட்டுற செட்டிங் ஒண்ணு இருக்கும். நீ மெதுவா பேசுறதையும் இன்ஜின் சத்தத்தோட சேர்த்து அது வடிகட்டிடுது. ஆஃப் பண்ணு."

அவன் நிறுத்தியதும் கப்பலின் உறுமல் கூடத்துக்குள் புகுந்தது. ஆனால் குரல் துண்டு துண்டாக வந்தது.

"படத்தையும் நிறுத்தினாத்தான் குரல் முழுசா வரும்டா."

"இப்பதான்க்கா அவ மூஞ்சி தெளிவாத் தெரியுது."

மணி பத்து இருபது. செந்தில் திரைக்கு நெருங்கி வந்து மகளை ஒரு முறை பார்த்தான்.

"சரி, நிறுத்திடுக்கா" என்றான்.

திரை கறுத்தது. உறுமலுக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு, மூன்று முறை. குழந்தையோடு ஒட்டிக் குனிந்திருந்த சுகன்யாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், கண் நிறைந்துவிட்டது.

"கேட்டுச்சா? பாப்பா என்ன பண்றா?" என்றான் செந்தில்.

"உங்க குரல் வந்த பக்கம் திரும்பிப் பார்க்குறா" என்றாள் சுகன்யா.

பதில் வரவில்லை. செயற்கைக்கோள் வழியாகப் பேச்சு வந்துசேரக் கொஞ்சம் நேரமாகும் என்று மலர் ரயிலிலேயே சொல்லியிருந்தாள். அதனால் காத்திருந்தேன்.

"இது லைன் தாமதம் இல்லைடி" என்று என் காதருகே சொன்னாள் மலர். "அழுவுறான்."