அண்ணனுக்குக் கேட்ட லைட் டூட்டி

முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலைச் சாறும் துணியில் ஊறிக் காயும்போது எழும்புமே ஒரு வாடை, அது எங்கள் வீட்டில் ஒரு மாதம் போலக் குடியிருந்தது. சோற்றில் வீசியது, பாயில் வீசியது, நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன பாவாடையிலும் வீசியது. என் அண்ணன் கௌதமனின் முழங்காலுக்குப் போட்ட புத்தூர்க் கட்டின் வாடை அது. கல்லூரிக் கூடைப்பந்து அணிக்காக அரையிறுதி ஆடியபோது எம்பிப் பந்தைப் போட்டுவிட்டு இறங்கியவன், கால் பிசகி அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் இறக்கியபோது, ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டுத்தான் வலிக்கிறது என்று சொன்னான்.

அறுபதுகள் முடிந்துகொண்டிருந்த காலம். கோலார் தங்கவயலில், நந்திதுர்க் சுரங்கத்தைச் சேர்ந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அந்த வரிசைகளை "லைன்" என்போம். அப்பா சுரங்கத்துக்குள் கூரை சரியாமல் மரம் முட்டுக்கொடுக்கிற வேலையில் இருந்தார். எங்கள் ஊரில் "கீழே", "மேலே" என்ற இரண்டு சொற்களில் ஒரு மனிதனின் ஆயுளையே சொல்லிவிடலாம். கீழே என்றால் சுரங்கம், தூசி, நாற்பது வயதில் தொடங்கும் இருமல். மேலே என்றால் ஆபீஸ், ஒர்க்‌ஷாப், வெயில், காற்று. படித்த பையன்களுக்கே மேலே வேலை கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த நாளில், நன்றாக விளையாடுகிறவர்களை மட்டும் அதிகாரிகள் பார்த்துக் கூப்பிட்டு மேலே வைத்துக்கொள்வார்கள். இறுதி ஆட்டத்துக்கு அவர்கள் வருவதாகப் பேச்சு. ஆக, அண்ணன் ஆடினால் மேலே, ஆடாவிட்டால் அப்பாவோடு கீழே. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஆனால் ஊர் வாய்விட்டுப் பேசியது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் லைன் முனை டீக்கடையில் குந்திக்கொண்டு, கௌதமன் வேண்டுமா வேண்டாமா என்று தினம் ஒரு பஞ்சாயத்து நடத்தினார்கள். வேண்டாம் கட்சிக்குத் தலைவர் ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக்கடை சம்பந்தம். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எந்த மேட்சாக இருந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்கிற மனிதர், ஆட்டத்தின் சட்டம் அத்தனையும் விரல் நுனியில் வைத்திருப்பவர். "பையன் நல்ல ஆட்டக்காரன்தான், நான் இல்லைன்னு சொல்லலைங்க. ஆனா அஞ்சு பேர் ஆடுற ஆட்டத்துல ஒருத்தன் நொண்டினா மத்த நாலு பேரும் அவனுக்காகவும் ஓடணும். ஊருக்குக் கப்பு வேணுமா, கௌதமன் வேணுமா?" என்று அவர் கேட்டது எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து சேர்ந்தது. மறுநாள் அவருடைய மகள், என் வகுப்புக்காரி, அதே கேள்வியை அப்பனைப் போலவே கையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நான் அவள் ஜடையைப் பிடித்து இழுத்தேன். டீச்சர் வெயிலில் நிற்க வைத்தார். அதற்காக நான் அன்றும் வருத்தப்படவில்லை, இன்றும் வருத்தப்படவில்லை.

வேண்டும் கட்சிக்கு முனுசாமி மாமா. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டுக்கு, அதாவது "கேஜ்"ஜுக்கு, மணியடிக்கிற வேலை அவருக்கு. கூடைப்பந்துச் சட்டம் ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் குரல் மட்டும் ஷாஃப்டின் அடிவரை கேட்கும். ஒருநாள் சாயங்காலம் டீ கிளாசை நங்கென்று வைத்துவிட்டு எழுந்தார். "இன்னாபா பேசிகினு கீறீங்க? கீழ ஒருத்தனுக்கு கால் அடிபட்டா இன்னா பண்றாங்க, வூட்டுக்கா துரத்தறாங்க? மேல கூட்டிகினு வந்து லைட் டூட்டி குடுக்கல? லேம்ப் ரூம்ல குந்த வச்சு விளக்கு தொடைக்கச் சொல்லல? அந்த மாதிரி இவனுக்கும் ஒரு லைட் டூட்டி குடு. ஓட வேணாம், வளையத்துக்குக் கீழ போய் நிக்கட்டும், பந்த குடுத்தா போடட்டும், அவ்ளோதான்" என்றார்.

லைன் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. நியாயம் என்றால் அதுதானே நியாயம், இத்தனை நாள் யாருக்கும் இது தோன்றவில்லையே என்று பெண்கள் குழாயடியில் வியந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்து, வெளுத்த சட்டை போட்டு, ஒரு படையே கல்லூரி விளையாட்டு மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பிப் போய், ஏதோ யூனியன் கோரிக்கை வைப்பதுபோல வரிசையாக நின்று, கௌதமனுக்கு லைட் டூட்டி கேட்டது. மாஸ்டர் பாவம், சிரிக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல், மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சில் உட்கார வைக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

இத்தனை அமர்க்களத்திலும் அண்ணனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்னை வச்சு ஊரே பேசுது, என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?" என்று அவன் ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டான். அப்பா இருமி முடித்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "சரி, கேக்கறேன். நிக்க முடியுமா உன்னால?" முடியும் என்றான். "அப்ப நில்லு. நான் கீழ எறங்கறது நீ எறங்கக் கூடாதுன்னுதான்." அப்பா அதைச் சத்தமாகச் சொன்னது அன்றைக்குத்தான். அம்மா தட்டை மறுபடியும் அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இறுதி ஆட்டம் பெங்களூர்க் கல்லூரி ஒன்றுடன், எங்கள் ஊர் மைதானத்தில். நாங்கள் பெண்கள் ஒரு பக்கமாக நின்றோம். அதிகாரிகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பாதி முழுக்க அண்ணன் பெஞ்சில்தான். ஆட்டம் முடியப் போகிற சமயத்தில், எங்கள் உயரமான பையன் ஃபவுலுக்கு மேல் ஃபவுல் செய்து வெளியே அனுப்பப்பட, மாஸ்டர் அண்ணனைப் பார்த்தார். அவன் எழுந்து விந்தி விந்தி உள்ளே போனதும் லைன் மொத்தமும் ஒரே குரலாக, "வளையத்துக்குக் கீழ நில்லுடா" என்றது. நின்றான். விசில் ஊதியது.

எதிரணியின் வளையத்துக்குக் கீழே கோடு போட்ட கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் ஒருவன் நிற்கக் கூடாது, நின்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும் என்பது சட்டம். அது அண்ணனுக்குத் தெரியும். சட்டென்று வெளியே வரக் கால்தான் ஒத்துழைக்கவில்லை. எங்கள் ஆட்களுக்கோ சட்டமே தெரியாது. நின்றதற்கு ஒரு தண்டனையா என்று கொதித்துப் போனார்கள். முனுசாமி மாமா கோட்டைத் தாண்டி உள்ளே போய், பெங்களூரிலிருந்து வந்த ரெஃப்ரி முன்னால் நின்று, "சார், அவன் லைட் டூட்டி சார். நிக்கறதுதான் சார் அவன் வேலை" என்று கெஞ்சலும் அதட்டலுமாகச் சொன்னார். பெங்களூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபத்தில்.

அப்போது கூட்டத்திலிருந்து வந்த குரல் ஜவுளிக்கடை சம்பந்தத்துடையது. "தம்பி, கட்டத்துக்கு வெளிய நில்லு. மூலைல நில்லு, கோட்ட மிதிக்காத, அங்க எவ்வளவு நேரம் வேணாலும் நிக்கலாம்" என்று, இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்றவர் தொண்டை கிழியக் கத்தினார். அண்ணன் அங்கே போய் நின்றான். அதற்கப்புறம் பந்து அவனிடம் வந்தது, அவனிடமிருந்து போனது. ஓடுகிற நாலு பேரில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று நிற்கிறவனுக்குத்தான் தெரிந்தது. இரண்டு முறை அவனே போட்டான், இரண்டும் உள்ளே விழுந்தன. ஆனாலும் தோற்றோம், ஒரே ஒரு கூடையில் தோற்றோம்.

அதிகாரிகள் கேப்டனையும் இன்னொருவனையும் கூப்பிட்டுப் பேசிவிட்டுக் காரில் ஏறினார்கள். அண்ணன் பக்கம் அவர்கள் திரும்பவில்லை. அவன் அந்த விசிலுக்குப் பந்தை விடாமல் இருந்திருந்தால் கப்பு நமக்குத்தான் என்று ஒரு கட்சி, அவன் இல்லாவிட்டால் தோல்வி இன்னும் கேவலமாக இருந்திருக்கும் என்று ஒரு கட்சி, டீக்கடையில் அன்றைக்கே மறுபடியும் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. அந்த நேரத்தில் ரெஃப்ரி டீக்கடைக்கு வந்து, கன்னடம் கலந்த தமிழில், "யாரப்பா அந்த லைட் டூட்டி?" என்று கேட்டார். முனுசாமி மாமா, அடிதடிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டினார். மனிதர் வந்தது அதற்கில்லை. அவர் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராம். அங்கே பயிற்சிக்குப் பையன்களை எடுக்கிறார்களாம். ஒரு ஊரே வந்து வாதாடுகிற பையன் எப்படிப்பட்டவன் என்று பார்க்க ஆசையாம். அண்ணனை உட்கார வைத்து வெகுநேரம் பேசினார், விண்ணப்பிக்கச் சொன்னார், போனதும் மறக்காமல் வார்த்தையைக் காப்பாற்றினார்.

கால் ஆறியபின் அண்ணன் விடியற்கால ரயிலேறிப் பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினான். ஊரை விட்டு ஓடுகிறான் என்று சிலர் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இப்போது சுரங்கம் மூடிக் கிடக்கிறது, அந்த ரயிலில் நிற்க இடமில்லை. மைதானத்தில் கருவேலம் முளைத்துவிட்டது. வளையம் மாட்டியிருந்த இரும்புக் கம்பத்தை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். டீக்கடை இல்லை, முனுசாமி மாமா இல்லை, சம்பந்தம் இல்லை.

கௌதமனால் அணிக்கு லாபமா நஷ்டமா என்று பழைய ஆட்கள் யாராவது கல்யாண வீட்டில் இன்னமும் ஆரம்பிப்பார்கள். நான் விடுவதில்லை, சாப்பாட்டு இலையை அப்படியே விட்டுவிட்டுச் சண்டைக்குப் போவேன். தோற்றோம், ஆமாம், அதனால் என்ன? அப்பா ஓய்வுபெறும் வயதைப் பார்க்கவில்லை. நெஞ்சில் தூசியோடு போனார். அந்த லைனில் என் அண்ணனோடு வளர்ந்தவர்களில் கீழே இறங்கிய ஒருவர்கூட இன்று இல்லை. அண்ணன் எழுபதைத் தாண்டிவிட்டான். போன வாரம் என் வீட்டுக்கு வந்தவன், முழங்கால் வலியைத் திட்டிக்கொண்டே, மூச்சு வாங்காமல் மூன்று மாடி ஏறி வந்தான்.