ஏழாவது ஜன்னல்

தாளை உருளையிலிருந்து உருவியதும் உண்ணாமலை கார்பனைப் பிரிப்பாள். எழுத்து ஒவ்வொன்றையும் ஒருமுறை கண்ணால் தடவுவாள். பிறகு கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். "இங்க போடுங்க. குறி மேலயே போடணும், தள்ளிப் போடாதீங்க." கையெழுத்தோ கைநாட்டோ, அந்த இடம் மனு கொடுக்கிறவருக்கு மட்டும் உரியது.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே புங்கமர நிழலில் மனு அடிப்பவர்கள் ஆறு பேர். உண்ணாமலை ஒருத்திதான் பெண். மடக்கு மேசை ஒன்று, தமிழ் மெஷின் ஒன்று, ஆங்கில மெஷின் ஒன்று. பதினான்கு வருடமாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். ஒருமுறை ஒருவன், "அம்மா வெளியூர்ல இருக்குது, நீங்களே கட்டைவிரல வெச்சிடுங்களேன்" என்று கேட்டான். அடித்து முடித்திருந்த மூன்று பிரதிகளையும் அவன் கண்ணெதிரே கிழித்தாள். "போய் உங்கம்மாவக் கூட்டிகினு வா. அவங்க குறைய நான் அடிக்கலாம். அவங்க விரல நான் வெக்க முடியாது."

மதியம் ஒரு மணிக்குமேல் மனுக்காரர் கூட்டம் கலைந்துவிடும். அப்போது ஆங்கில மெஷினில் வேறொரு தாள் ஏறும். டைப் வகுப்பின் கடைசி நாளில் எழுத்துகளாலேயே ரோஜாப்பூ அடிக்கச் சொல்வார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் அதை அன்றோடு மறந்துபோனார்கள். உண்ணாமலை மறக்கவில்லை. மேகத்துக்கு முற்றுப்புள்ளி, புல்லுக்குக் காற்புள்ளி, பாறைக்கு ஒரே இடத்தில் நான்கு எழுத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பது, உருளையை அரை வரி மட்டும் நகர்த்தி இடைவெளியை நிரப்புவது என்று எல்லாவற்றையும் தானாகவே கண்டுபிடித்தாள். ஒரு எழுத்து தப்பினாலும் அந்தத் தாள் போயிற்று. அவள் அழிப்பதில்லை. புதுத் தாள் ஏற்றுவாள்.

"இன்னாத்துக்கும்மா இந்த வேல? கலெக்டரு வாங்கிக்குவாரா?" என்பார் பக்கத்து மேசை முருகையன்.

"அவருக்குக் குடுத்து வெக்கலணா."

வியாழக்கிழமைகளில் மூன்று மணிக்கே மெஷின்களை மூடிவிட்டு, ஊரின் மறுகோடிக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பாள். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி பிரசாத் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு. முதல் நாள் அவள் உள்ளே நுழைந்தபோது வெள்ளைக்காரர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "அக்கா, ரிசல்ட் பாக்கணுமா? புள்ள நம்பர் சொல்லுங்க" என்றான் பிரசாத். "நம்பரும் இல்ல, புள்ளையும் இல்ல. எழுத்துல படம் வரையறவங்க வேற யாருன்னா இந்த ஒலகத்துல இருக்காங்களான்னு பாத்துச் சொல்லு" என்றாள். இருந்தார்கள். பத்தொன்பது பேர், ஒரு மின்னஞ்சல் குழுவாக. நடத்துகிறவர் கனடாவில் வால்டர் என்ற ஓய்வுபெற்ற தபால் அதிகாரி.

உண்ணாமலைக்குத் தெரிந்த ஆங்கிலம் மனு ஆங்கிலம். அதனால் முதல் கடிதத்தையே அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, "தங்கள் மேலான கவனத்துக்குப் பணிந்து சமர்ப்பிப்பது யாதெனில்" என்று ஆரம்பித்து, தான் அடித்த கோபுரத்தின் படத்தை இணைத்து அனுப்பினாள். வால்டர் பயந்துபோனார். குழுவால் அவளுக்கு என்ன தீங்கு நேர்ந்தது, எதுவாக இருந்தாலும் மன்னிக்க வேண்டும் என்று பதில் வந்தது. விஷயம் புரிந்த பிறகு எல்லோரும் அவளுக்கு அந்தப் பாணியிலேயே எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதில் கெட்டிக்காரி ஹுதா. "பொருள்: என் மாமியாருக்குத் தனக்கு வேண்டியது மட்டும் காதில் விழுவது குறித்துப் புகார்." பிரசாத்தின் கடையே திரும்பிப் பார்க்க உண்ணாமலை சிரித்தது அன்றைக்குத்தான்.

ஹுதா இராக்கில், பாஸ்ராவில் ஒரு துறைமுக அலுவலகத்தில் அரபி டைப்பிஸ்ட். "அவங்க மெஷினு அந்தாண்ட ஓடும், நம்ப மெஷினு இந்தாண்ட ஓடும்" என்று உண்ணாமலை முருகையனுக்கு விளக்கியிருக்கிறாள். ரிப்பன் கிடைப்பதில்லை, பழைய ரிப்பனுக்கே மை தடவி ஓட்டுகிறேன் என்று ஹுதா எழுதினாள். உண்ணாமலை மூன்று ரிப்பன் வாங்கிப் பார்சல் அனுப்பினாள். தடை இருக்கிறது என்று பார்சல் திரும்பி வந்தது. "ரிப்பன்ல இன்னா, குண்டா செய்யப் போறாங்க?" என்று தபால் ஆபீசில் அவள் போட்ட சத்தத்தில் முத்திரை குத்துகிறவர் கையை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து பேப்பரில் உலகச் செய்திப் பக்கத்தை முதலில் படிக்கிறாள். எண்ணெய், தடை, தண்ணீர் என்று இருவரும் நீள நீளமாக எழுதிக்கொண்டார்கள். இதெல்லாம் குழுவில் வேண்டாமே, படத்தைப் பற்றி மட்டும் பேசலாமே என்று வால்டர் இரண்டு தரம் நினைவூட்டினார்.

2003 பொங்கலுக்குப் பிறகு வால்டர் ஒரு திட்டம் சொன்னார். ஒவ்வொருவரும் தங்கள் ஜன்னலில் தெரிவதை ஒரு தாளில் அடிக்க வேண்டும். குழுவில் சேர்ந்த வரிசைப்படி எல்லாத் தாளையும் ஒட்டி, அவர் ஊர் நூலகத்தில் ஒரே நீளச் சுவராகக் காட்சிக்கு வைப்பார். ஹுதா ஏழாவது, உண்ணாமலை எட்டாவது. உண்ணாமலைக்கு ஏது ஜன்னல்? மேசையிலிருந்து தெரியும் மலையை அடித்தாள். இருபத்து மூன்று தாள் கிழிந்து, இருபத்து நான்காவதில் மலை வந்தது. முருகையன் தாளை வாங்கித் தூர நீட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஹுதாவின் கடைசிக் கடிதம் மார்ச் நடுவில் வந்தது. பொருள்: ஜன்னல் கண்ணாடிக்கு டேப் ஒட்டுவது குறித்து. சுவருக்குப் பின்னால் இரண்டு பேரீச்ச மரம், அதில் ஒன்றுக்குத் தலை இல்லை, அதைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். அந்த வாரமே போர் தொடங்கியது. அதன்பின் ஐந்து வியாழக்கிழமை உண்ணாமலை போய்ப் போய்ப் பார்த்தாள். எதுவும் இல்லை.

ஆறாவது வியாழனன்று வால்டர் எழுதியிருந்தார். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சுவரில் ஓட்டை இருக்க முடியாது. ஏழாவதை எடுத்துவிட்டு வரிசையை நெருக்கிவிடலாம். இல்லையென்றால், ஹுதாவின் ஜன்னலை நன்றாக அறிந்தவள் நீதானே, அவளுக்காக நீயே அடித்து அனுப்பு. மாதக் கடைசிக்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

உண்ணாமலை பதில் அடித்தாள். பொருள்: ஏழாவது ஜன்னலைக் காலியாக விடக் கோருதல். மறுநாளும் வந்து பார்த்தாள். காலித் தாள் என்றால் அது அரசியல், நூலகம் ஒப்பாது என்று வால்டரின் பதில் வந்திருந்தது.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?" என்றான் பிரசாத்.

"ஆள் இல்லன்னா எடத்தையும் எடுத்துடுவாங்களாம். எடம் இருக்கட்டும்னு சொன்னா அது அரசியலாம்."

ஏப்ரல் கடைசித் திங்கட்கிழமை. மனு நாள். புங்கமரத்தடியில் கால் வைக்க இடமில்லை. பதினோரு மணிக்கு உண்ணாமலை தமிழ் மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "கால் மணி நேரம். அவசரம்னா முருகையன்ணாகிட்ட போங்க" என்றாள்.

"திங்கக்கெழம அதுவுமா மெஷின மூடறியா? இன்னா வந்துச்சி உனக்கு?" என்றார் முருகையன். சேதி தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, ரெண்டு மரம், ஒரு சுவரு. அர மணி நேரத்துல அடிச்சிடுவ. உன் மலையும் போவும், அந்தம்மா பேரும் போவும். அவங்க இருக்காங்களோ இல்லியோ, யாருக்குத் தெரியப் போவுது?"

"அத அவங்க வந்து சொல்லட்டும். அவங்க ஜன்னல நான் அடிக்க மாட்டேன்."

"அப்ப அந்தாளு உன்னுதையும் சேத்துக் கழட்டிடுவான். மூணு மாசம் உக்காந்த, அத நெனச்சிப் பாரு."

"கழட்டட்டும். கழட்டனா ரெண்டையும் கழட்டட்டும்."

ஆங்கில மெஷினில் வெள்ளைத் தாளை ஏற்றினாள். எல்லா ஜன்னலுக்கும் உரிய சட்டத்தை நான்கு புறமும் அடித்தாள். மேலே 7. கீழே ஹுதாவின் பெயர், பாஸ்ரா. நடுவில் ஒன்றுமில்லை. உருவினாள். மலைத் தாளை அதன் பக்கத்தில் வைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து, பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை டேப்பை ஒட்டினாள். நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றது கிழியும். கூடவே ஒரு கடிதம். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் இருந்தன. பதினான்கு வருடத்தில் முதல் முறையாக 'பணிந்து' என்ற சொல் இல்லை.

"வரிசைல ஆளுங்க நிக்கறாங்க. மடிச்சிக் கவர்ல போடும்மா" என்றார் முருகையன்.

"இருங்கணா."

கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். வெறுந்தாளின் வலது கீழ் மூலையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள்.