வெள்ளையடித்த சுமைதாங்கி

போன கிழமை எதிர்வீட்டு மதிலுக்கு வெள்ளையடித்தார்கள். இப்போதெல்லாம் வாளியில் வரும் பெயின்ற்தான். இவர்களுக்கு என்ன தோன்றியதோ, கட்டிச் சுண்ணாம்பு வாங்கித் தண்ணீர் ஊற்றி நீற்றியிருந்தார்கள். அந்தச் சூட்டு மணம் யன்னலால் வந்ததும் தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினேன். மனுசி ஏனென்று கேட்டாள். தும்மல் வருகுது என்றேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன்.

சுமைதாங்கி உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். தலைச்சுமையோடு நடப்பவர்கள் இறக்கி இளைப்பாற வீதியோரம் நெஞ்சளவு உயரத்தில் கட்டும் கல்மேடை. வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் நினைவாகக் கட்டுவார்கள். அவள் இறக்காமல் போன சுமையை, வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை இறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறார்களாம்.

சண்டிலிப்பாய்ப் பக்கம் எங்கள் வீதியில் நின்றது தெய்வானைப்பிள்ளையின் சுமைதாங்கி. பெயரும், ‘ஞாபகார்த்தம்’ என்ற சொல்லும் கல்லில் வெட்டியிருந்தன. அதைக் கட்டியவர் புருசன் கந்தப்பு. நான் அவரை அறிந்த காலத்தில் எழுபது தாண்டிவிட்டது. புகையிலைத் தோட்டம், தனிச் சீவியம். மனைவியின் திவசத்துக்கு முதல்நாள் நீலம் ஒரு சிட்டிகை கலந்து சுமைதாங்கிக்கு வெள்ளையடிப்பார். அதற்கு நேரெதிரே என் மாமாவின் சைக்கிள் கடை. ஒருநாள் இடம் காணாமல் பழைய ரயர் ஒன்றை அதன்மேல் வைத்துவிட்டேன். கந்தப்பு கண்டுவிட்டார்.

“தம்பி, உது சுமைக்குக் கட்டினது. உன்ரை ஓட்டை ரயருக்கில்லை.”

நான் அந்தக் கடைக்கு வந்த கதையும் ஒன்று உண்டு. கொழும்பில் புடைவைக் கடையொன்றில் வேலை செய்தேன். எண்பத்துமூன்று கலவரத்தில் கடையை எரித்தார்கள். அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கியபோது உடுத்த சாரமும், புடைவைக் கடைச் சிங்களமும்தான் மிச்சம். மீற்றர் என்ன விலை, அகலம் எவ்வளவு, சாயம் போகாது என்பதெல்லாம் தண்ணிபட்ட பாடு. அதைத் தாண்டினால் தடக்குப்படுவேன்.

ஒரு திவசத்தன்று காலை ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தண்ணீர் முகத்தில் எழும்பி அடித்தது. சத்தம் பிறகுதான் கேட்டது. சுமைதாங்கிக்குப் பக்கத்து மதகுக்குக் கீழே கண்ணிவெடி. ஆமி ஜீப் ஒன்று தலைகீழாக எரிந்தது. பின்னால் வந்த ட்ரக்கிலிருந்து குதித்தவர்கள் கண்டபடி சுட்டார்கள். பிறகு அகப்பட்ட ஆண்களையெல்லாம் இழுத்துவந்து தாரில் முழந்தாளிட வைத்தார்கள். நான், மாமா, திவசத்துக்குக் கற்பூரம் வாங்க வந்த கந்தப்பு.

அதிகாரி இளம் பொடியன். உடுப்பு முழுக்க இரத்தம், அவனுடையதல்ல. சுமைதாங்கியில் விரலை இழுத்துப் பார்த்தான். விரலில் வெள்ளை ஒட்டியது. யார் அடித்தது என்று சிங்களத்தில் கத்தினான். விரலைப் பார்த்தே கந்தப்புவுக்குக் கேள்வி விளங்கிவிட்டது.

“நான்தான் அடிச்சனான்,” என்று கையை உயர்த்தினார்.

சிங்களம் தெரிந்தவன் யார் என்று அதிகாரி கேட்டான். நான் எழும்பினேன். கண்ணிவெடிக்காரருக்கு யார் சொல்லி இந்தக் குறி வைத்தாய் என்று கேள் என்றான். கேட்டேன்.

“குறியோ? உது என்ரை மனுசியடா. வயித்திலை பிள்ளையோடை போனவள். சொல்லு அவருக்கு.”

கர்ப்பிணிக்குச் சிங்களத்தில் என்ன சொல்? புடைவைக் கடையில் அறிந்திருக்க வேண்டிய சொல்தான், அந்த நேரம் வரவில்லை. கையை வயிற்றுக்கு முன்னால் வளைத்துக் காட்டினேன். நக்கல் செய்கிறேன் என்று நினைத்து ஒருவன் துவக்குப் பிடியால் வாயில் அடித்தான். முன்பல் இரண்டும் அன்று போனவை. இன்று நான் அழகாகச் சிரிக்கிறேன் என்கிறீர்களே, அது பல் வைத்தியரின் அழகு. இரத்தத்தைத் துப்பிவிட்டு மறுபடி சொன்னேன். பெண்சாதி. குழந்தை. இரண்டும் செத்தது. அதற்குக் கல்.

அதிகாரி கல்லெழுத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு ட்ரக்கிலிருந்து இரும்பு அலவாங்கு எடுப்பித்து, கல்லைக் கிழவனே கிண்டி விழுத்தினால் வீட்டுக்குப் போகலாம் என்றான்.

“கல்லுத்தானே அப்பு, விழுத்திவிடுங்கோ,” என்று மாமா அழுதார்.

கந்தப்பு அலவாங்கை வாங்கினார். சுமைதாங்கியில் மெதுவாகச் சாத்தி வைத்தார்.

“ஏலாதெண்டு சொல்லு.”

வயதுபோனவர், அவருக்குப் பலமில்லை என்று மொழிபெயர்த்தேன். அதிகாரி நம்பினானோ தெரியாது. எரியும் ஜீப்படியில் செத்தவனொருவனின் தலையை மடியில் வைத்திருந்த சிப்பாய் எழும்பி வந்தான். யாரையும் கேட்கவில்லை. கந்தப்புவின் நெஞ்சில் இரண்டு முறை சுட்டான். முதல்நாள் அடித்த சுண்ணாம்பில் இரத்தம் தெறித்து அப்படியே ஊறியது. அதிகாரி துவக்கைப் பறித்துச் சிப்பாயின் கன்னத்தில் அறைந்தான். அவன் அறையை வாங்கிக்கொண்டு குழந்தைபோல அழுதான். போகும்போது கடையைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். கல்லை ஒருவரும் தொடவில்லை.

சில வருடம் கழித்து, மாமா திரும்பப் போட்ட கொட்டிலில் ஒரு பெடியன் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தான். ஒரு கால் இல்லை. கதையோடு கதையாகச் சொன்னான்:

“அண்டைக்குக் கண்ணிவெடி வயரை அமத்தினது நான்தான் அண்ணை. ஜீப் எப்ப மதகுக்கு வருதெண்டு தூரத்திலையிருந்து உந்தக் கல்லைத்தான் பாத்தனான். நல்ல வெள்ளையா இருந்தது, வசதியாப் போச்சு.”

அதிகாரி சொன்ன குறி உண்மைதான். கந்தப்பு சொன்னதும் உண்மைதான். நான் காற்றுப் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காற்றுக்குக் காசு வாங்கவில்லை. அது கோபமா இரக்கமா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஊரோடு இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனோம். திரும்பி வந்தபோது மதகு இருந்தது, சுமைதாங்கி இல்லை. காவலரணுக்கு அணை கட்டக் கல் எடுத்திருப்பார்கள். யார் எடுத்தது என்று ஆளுக்கொரு கதை. எழுத்து வெட்டிய துண்டையாவது தேடி அயலிலுள்ள அணைகளையெல்லாம் சுற்றினேன். கிடைக்கவில்லை.

முந்தி பஸ்காரன் அந்த இடத்தில் மணியடித்து, “சுமைதாங்கியடி இறங்கு!” என்று கத்துவான். கைபேசிக் கோபுரம் வந்தபிறகு அது ‘டவரடி’. போன மாதம் ஊருக்குப் போனபோது வாய்ப்பழக்கத்தில் “சுமைதாங்கியடி ஒண்டு” என்று ரிக்கற் கேட்டேன். நடத்துநர் பெடியன் மரியாதையாகத்தான் சொன்னான்:

“அப்பிடியொரு இடம் இந்த றூட்டிலை இல்லை ஐயா.”