தறி நின்றால்

அப்பாவின் தொண்டையில் போட்டிருந்த கட்டை மாற்ற நர்ஸ் பேண்டேஜ் சுருளைப் பிரித்ததும், அந்தப் பஞ்சு வாடையில், கல்யாண மண்டபமாகிவிட்ட எங்கள் ராஜபாளையம் தறிக்கூடம் எனக்குள் மறுபடி ஓடத் தொடங்கியது. பேண்டேஜ் துணி நெய்த அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துதான் அப்பா நாவல் எழுதுவார். ஒருவர் மனதை இன்னொருவர் அறிய முடியுமா என்பதே அவருடைய நாவல்களும் தத்துவக் கட்டுரைகளும் விடாமல் கேட்ட கேள்வி. தறிச் சத்தத்தில் காதில் எதுவும் விழாததால், அங்கே எல்லோரும் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம்.

"முகத்த உத்துப் பாக்கோம்லா, அதுலயே பாதி புரிஞ்சிரும்" என்பார் அப்பா. கரண்ட் போய்த் தறி நின்றால் அவர் பேனாவும் நின்றுவிடும்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருக்குக் குரல் இல்லை. அமைதியான வார்டில் உதடுகள் அசைந்தன.

"அப்பா என்னமோ சொல்லுதாரேக்கா?" என்றாள் நர்ஸ்.

நான் குனிந்து முகத்தைப் பார்த்தேன்.

"ஏட்டி, கரண்ட் போயிருச்சா?"